மூன்று உலுப்பல், ஒரு சரி

போன கிழமை எதிர்வீட்டுக்காரர் தன் காரின் முன்பக்கத்தை ஜக்குப் போட்டுத் தூக்கிவிட்டு, பாட்டுக் கேட்டபடி அதற்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தார். வங்கியில் வேலை, எங்கள் தருமபுரத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். நான் கீரை ஆய்ந்த சுளகை அப்படியே வைத்துவிட்டு ஒழுங்கையைக் கடந்து போனேன். அழையா வீட்டுக்குள் நுழைவதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

“தம்பி, முதல்ல வெளியில வாங்கோ. உலுப்பிப் பாத்தனீங்களோ?”

“எதையக்கா?”

“காரைத்தான்.”

மனிசன் வெளியே வந்து, எனக்குத் தலையில் ஏதும் பட்டுவிட்டதோ என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கோ அந்தக் கிறீஸ் மணம் மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய ஏ போர்ட்டி கண்முன் வந்து நின்றுவிட்டது.

என்னைவிட வயது கூடிய கார் அது. என்னவரின் அத்தான் வவுனியாவில் ஒரு கொட்டிலுக்குள் வருஷக்கணக்காக மூடி வைத்திருந்தார். சண்டை முடிந்து, செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து விடுபட்டு நாங்கள் ஊர் திரும்பிய வருஷம், “ஓடினா உன்ர, ஓடாட்டி கோழி அடைக்கலாம்” என்று சொல்லித் தந்துவிட்டார். லொறியில் வந்து இறங்கியபோது பச்சை நிறமா சாம்பல் நிறமா என்று சொல்லத் தெரியாத கோலம். அதற்குள் ஏறி இருந்த என்னவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே, மாப்பிள்ளைக் கோலத்தில்கூட அந்த மனிசன் அப்படிச் சிரிக்கவில்லை. பஸ் வராத பூநகரிப் பக்கமெல்லாம் வாடகைக்கு ஓடலாம் என்று அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டார்.

அவர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். பம்பை மடியில் வைத்துத் திருத்தலாம். காரென்றால் நாங்கள்தான் அதன் மடிக்குள் போகவேண்டும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உலுப்பிப் பார்க்கும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில், ஷெல் விழும்போது ஒளிய, இந்த வளவில் பங்கர் வெட்டியது அவர்தான். ரயில் தண்டவாளத்துக்குக் கீழே கிடந்த சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட கூரை. அதன் மேல் ஏறி நின்று மூன்று தரம் குதிப்பார். நான் குடத்தையும் பாயையும் அணைத்தபடி வெளியே நிற்பேன். மூன்றாவது குதிக்குப் பிறகு, “சரி, இறங்கும்” என்பார். அந்தச் சொல் வரும்வரை நான் ஒரு படி வைக்கமாட்டேன். அந்தக் கூரை எங்களை ஒரு நாளும் கைவிடவில்லை.

ஆகவே கார் வந்ததும் நான் சட்டம் போட்டேன். “அப்ப நீங்கள் குதிச்சனீங்கள். இப்ப நான் உலுப்புவன். நான் ‘சரி’ எண்டு சொல்லாமல் கீழ போகக்கூடாது.” அவர் சிரித்தார். சிரித்தாலும் ஒத்துக்கொண்டார்.

முதல் வேலை பின்பக்கத்தில், அச்சுப் பெட்டியிலிருந்து ஒயில் ஒழுகியது. மட்டமான, மர நிழல் உள்ள இடம் வேண்டும் என்றார். அதற்கும் முதல் ஒரு கேள்வி இருந்தது: பழைய பங்கர் எங்கே? அதன் மேல் கார் நின்றால் மண் இறங்கிவிடும். நாங்கள் திரும்பி வந்தபோது யாரோ புல்டோசர் விட்டு வளவைத் தட்டையாக்கியிருந்தார்கள். கிணற்றைத் தவிர ஓர் அடையாளமும் மிச்சமில்லை.

“அதோ அந்த முருங்கைக்குப் பக்கத்திலதான்” என்றேன் நான். சத்தியம் செய்யாத குறை. “எனக்குத் தெரியாமலோ? எத்தனை நாள் அதில காய் பிடுங்கினனான்.”

முருங்கை ஒரு நம்பக்கூடாத மரம். கொப்பு முறிந்து எங்கே விழுந்தாலும் அங்கே நின்று தழைத்துவிடும். பழைய மரத்தை டோசர் தள்ள, அதன் கொப்பொன்று இருபதடி தள்ளிப் போய் மரமாகி நின்றதை நான் யோசிக்கவே இல்லை. “அப்ப இஞ்சால வேப்பமரத்தடியில விடுறன்” என்று அவர் காரைத் தள்ளிக்கொண்டு வந்து, சரியாகப் பங்கருக்கு மேலேயே நிறுத்தினார்.

பின்பக்கம் கிளம்பினால் அந்தக் காரின் ஹான்ட் பிரேக் வெறும் அலங்காரம். அது பின்சில்லைத்தான் பிடிக்கும். அதனால் முன்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அணைத்தார். ஓரத் தகரத்தைக் கறள் தின்றிருந்தபடியால் ஜக்கை அச்சுக்குக் கீழே கொடுத்தார். அதுவரை குறை சொல்ல இடமில்லை. பிறகு வீட்டுத்திட்டத்துக்கு இறக்கிய சீமெந்துக் கல்லை இரண்டு அடுக்காக அச்சுக்குக் கீழே வைத்தார். அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்தக் கல்தான். அடுப்புக்கும் அது, கதிரைக்கும் அது.

உரப்பையின் பாதியைக் காருக்குக் கீழே விட்டு, வெளியே இருந்த பாதியில் மல்லாக்கப் படுத்து, ஸ்பனரை நெஞ்சில் வைத்துக்கொண்டார். “கெதியா உலுப்பும். ஒயில் வழியுது.”

ஒன்று. கார் அசையவில்லை. இரண்டு.

“காணும், நான் போறன்.”

“அசையாதேங்கோ.” என் குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது. “இவ்வளவு ஷெல்லுக்குள்ளால உயிரோட கொண்டுவந்த மனிசனை ஒரு காருக்குக் குடுக்க ஏலாது.”

மூன்றாவது தரம் இரண்டு கையாலும் பிடித்து உலுப்பினேன். வலது பக்கத்து அடுக்கு மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. கார் சரிந்தது. கல் பிஸ்கற் மாதிரி உடைய, ஜக்குத் தெறித்துக் கிணற்றுக் கட்டில் போய் மோதியது. கார் தன் முழுப் பாரத்தோடும் கீழே இருந்தது. உரப்பையின் ஒரு தொங்கல் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் அந்தப் பையின் மற்றத் தொங்கலில் படுத்திருந்தார்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன், பொய் சொல்வானேன். அவர் எழும்பி மண்ணைத் தட்டி, குழியை எட்டிப் பார்த்துவிட்டு, “இஞ்சரும், உம்மட முருங்கையடிப் பங்கர் இஞ்ச இருக்குது” என்றார். அதற்குப் பிறகு நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

இடம் பிழையாகக் காட்டியதும் நான், உலுப்பிக் காப்பாற்றியதும் நான். எந்தக் கதையை முதலில் சொல்வது என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்று நாள் தோண்டிக் காரை மீட்டபோது பங்கர்க் கூரையும் வெளியே வந்தது. டோசர் தள்ளியதில் ஒரு பக்கம் சறுக்கியிருந்ததே தவிர, கட்டைகளுக்கு ஒரு சேதமும் இல்லை. கறையானும் சீண்டவில்லை. அவர் அவற்றை முழ நீளத்தில் அரிந்தார். இறுகிய தரையில், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் அச்சை இறக்கினால் ஏ போர்ட்டி அம்மன் கோயில் தேர்முட்டிபோல அசையாமல் நிற்கும். எங்களுக்கு மேலே கிடந்து காத்த கட்டைகள் காருக்குக் கீழே கிடந்து காத்தன. ஆனாலும் நான் உலுப்பாமல் விட்டதில்லை. மூன்று உலுப்பல், பிறகு “சரி, போங்கோ.” பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து அதை வாங்கிப் போனார். என்னவருக்கு முழங்கால் மடங்காது, வேறு வழியும் இல்லை. கார் லொறியில் ஏறி நின்றதும் நான் போய்ப் பிடித்து மூன்று தரம் உலுப்பினேன். வந்த ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி” என்றேன். அதற்குப் பிறகுதான், “எடுங்கோ” என்று லொறிக்காரருக்குக் கை காட்டினார்.

எதிர்வீட்டுக்காரருக்கு அன்று இரண்டு கட்டை கொடுத்தேன். மிச்சம் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக் கிடக்கிறது. பங்கரிருந்த இடத்தில் கப்பல் வாழை நிற்கிறது. என்னவர் விறாந்தையில் கதிரையைப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு, எதையென்றாலும் கைத்தொலைபேசியைத்தான் கேட்கிறார். மழை வருமா, மருந்து சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் அதற்குத் தெரியுமாம். நல்ல மனிசன்தான், ஒரு குறையும் இல்லை. என் ஒரு சொல்லுக்காக, ஸ்பனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மண்ணில் மல்லாக்கக் காத்துக் கிடந்த அந்த மனிசனைத்தான் இப்போது காணோம்.