பெருமுக்கல் போகாத ஞாயிறு

எனக்கு வண்டி ஓட்ட வராது. சைக்கிளும் வராது. சின்ன வயதில் மூன்று பேர் கற்றுக்கொடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். என் மனைவி கிராம நர்ஸ். வேலைக்காக மொபெட் வாங்கியவள், கூனிமேட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அதில்தான் போய்வருவாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து என் மாணவர்கள் சிரிப்பது எனக்குத் தெரியும்.

2005 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போய்விட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். எலுமிச்சைச் சாதம் இருந்த டிபன் கேரியரை மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். மரக்காணத்தில் திண்டிவனம் ரோட்டுக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் உப்பளம். கொஞ்ச தூரம் போனதும், பாத்திகளுக்கு நடுவே பிரிந்து போன ஒரு மண் பாதையில் வண்டியைத் திருப்பிவிட்டாள்.

எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் எனக்கு ஒரு கேஸும் இல்லீங்க. அதான் போய்ப் பாக்கலாம்னு."

எந்தத் தெருவைச் சொன்னாலும் அங்கே யார் மாசமாக இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு ஊசி போட வேண்டும் என்பதுதான் அவள் நினைவுக்கு வரும். யாரையுமே தெரியாத வழி ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. பேசியும் பயனில்லை, ஹேண்டில்பார் அவள் கையில் இருந்தது.

பாதை குறுகி வரப்பாகிவிட்டது. பாத்திக்குள் பெண்கள் நீளமான பலகையால் உப்பை இழுத்து ஓரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேகத்தைக் குறைத்து, "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். அதற்குள் முன் சக்கரம் ஈர மண்ணில் வழுக்கியது.

நான் டிபன் கேரியரோடு ஒரு பாத்திக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. ஓடிவந்த பெண்களில் வயதான ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள். கட்டு எப்படிப் போட வேண்டும் என்று என் மனைவியே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித்தந்தாள்.

"சார், நீங்க ஏத்திக்கினு போயிடுங்க. திண்டிவனத்துல பெரியாஸ்பத்திரி இருக்குது" என்றாள் அந்தம்மா.

எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

உப்பு ஏற்ற லாரி வரும், அது திண்டிவனம்தான் போகும் என்றார்கள். கீற்றுக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவளுக்கு விசிறினேன். தண்ணீர் கொடுத்தேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை. எலுமிச்சைச் சாதத்தை எல்லாரும் பகிர்ந்துகொண்டு, அவர்கள் கொண்டுவந்திருந்த கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டோம். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டாள். அத்தனை பேர் முன்னால் நான் ஊட்டிவிட்டேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் செய்ததில்லை.

மொபெட்டைக் கொட்டகையிலேயே விட்டோம். லாரியில் டிரைவர், கிளீனர் போக முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் உப்பு மூட்டைகள் மேல் ஏறினேன். தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன். காற்று சட்டைக்குள் புகுந்து அடித்தது. புளியமரக் கிளைகள் முகத்துக்கு மேலே வந்து வந்து போயின. பெருமுக்கல் மலை தெரிந்தது, நெருங்கியது, பின்னால் போனது. ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன். கீழே அவள் வலியோடு இருக்கிறாள் என்பது திடீரென்று உறைத்து நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மூட்டை மேல் படுத்திருந்தபோது சந்தோஷமாக இருந்தேன் என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் அந்த லாரில தூங்கிட்டேன்னு டிரைவர் நெனச்சாரு. தூங்கலீங்க. சும்மா கண்ண மூடிக்கினு வந்தேன். ஒருநாளாச்சும் வேற யாராவது ஓட்ட, நான் ஒக்காந்துக்கினு வந்தா எப்படியிருக்கும்னு ரொம்ப நாளா ஆச."

அவள் தோளில் மாட்டியிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். ஒரு நாளும் சடை நேராக வரவில்லை.