பாஸ் வைத்துவிட்டுப் போன உரப்பை

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பன்னிரண்டு குடும்பத்துக்கு இரண்டே கக்கூஸ், அதுவும் படி இறங்கிப் போக வேண்டும். விடியற்காலை வரிசையில் இடம் பிடிக்க மழையில் அவசரமாக இறங்கிய அம்மா, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும், இனிக் குந்தக்கூடாது, அந்தப் படியே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி நாற்காலி மாதிரி உட்காரும் கொமட் கக்கூஸ் ஒன்று கட்டியாக வேண்டும். அதுவரை அம்மா ஹட்டனில் சித்தி வீட்டில். சித்தி மகள் பிரசவத்துக்கு வரும் வரைக்கும் எங்களுக்கு இரண்டு மாதம் இருந்தது.

இரண்டு மாதம் தாராளம் என்று நினைத்தேன். எங்கள் பாஸை அப்போது எனக்குத் தெரியாது. கொத்தனாரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம்.

முதல் நாள் வெற்றிலை வைத்து, சூடம் கொளுத்தி, ஒரே நாளில் குழி வெட்டி இரண்டு வரிசைக் கல்லும் வைத்துவிட்டார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மாலையில் ஒரு உரப்பையை வாசலில் வைத்தார். உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது.

"சாமான் இங்கயே இருக்கட்டும் தங்கச்சி. நாளைக்கு வாரேன்."

சாமானை விட்டுப்போன பாஸ் திரும்பி வருவார் என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரண்டி இல்லாமல் வேறு எங்கே போய் வேலை செய்வார்? அடுத்தவர் தொழில் சாமானில் கை வைப்பது பழக்கமில்லை என்பதால் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பொகவந்தலாவை மழையில் நனையாமல் என் கட்டிலுக்கடியில் வைத்துப் பாதுகாத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதன் பிறகு போனில் மட்டும்தான் பாஸ். மணல் லொறி வரவில்லை. கோயிலில் தேர். பூண்டுலோயாவில் பெரியம்மா செத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அதே பெரியம்மாவுக்குக் காய்ச்சல்.

"அவங்க செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"அது மூத்தவங்க தங்கச்சி. நாளைக்குக் கட்டாயம் வாரேன்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனாலும் கட்டிலுக்கடியில் குனிந்து பையைப் பார்த்துக் கோபத்தை விழுங்கிக்கொள்வேன். அந்தப் பக்கம் அம்மா தினமும் போன் எடுத்தார். "தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கிறேன் புள்ள. அடுத்தவங்க வீட்டுல எத்தன தடவ எந்திரிச்சு எந்திரிச்சுப் போறது?" அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டே நாள் மிச்சம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாஸ் வீட்டு வாசலில் வீசிவிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். அவர் இல்லை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஒங்க வீட்டுலயும் வச்சிட்டாரா?"

பையைத் தரையில் கொட்டினார். பிடியில்லாத கரண்டி, காம்பில்லாத சுத்தியல், தண்ணீர் வற்றிப்போன மட்டக்கோல். "இந்த மாதிரி நாலு வீட்டுல நாலு பை இருக்கு தங்கச்சி. நல்ல சாமான் எப்பவும் அவரு கையிலதான்."

இரண்டு மாதமாக நான் காவல் காத்தது இதைத்தான். அவமானத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக அம்மாவின் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"எங்க லயத்துலயும் கக்கூஸ் கீழதான் இருக்கு. வயித்துல புள்ளயோட மழையில எறங்கினவ நான்" என்றார். "போங்க. நாளைக்கு வாரோம்."

"அண்ணனும் தினம் இதத்தான் சொன்னாரு அக்கா."

"அவரு சொன்னாரு. இப்ப நான் சொல்றேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் முதலில் இறங்கியது அவர்தான். நல்ல சாமான் பை அவர் தோளில். பின்னால் பாஸ், பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளை மாதிரி. அந்த அக்கா ஆறு நாள் கொழுந்தெடுக்கப் போகாமல் எங்கள் வீட்டில் நின்று சீமெந்து குழைத்துக் கொடுத்தார். பாஸ் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். அவர் எழுப்பிய சுவரில் ஒரு கோணல் கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாள் டீ கொடுக்கும்போது மெல்ல வாயைத் திறந்தார்.

"முடியாதுன்னு சொன்னா வேற ஆளப் பாத்துருவீங்கன்னு பயம் தங்கச்சி. பை இருந்தா நீங்க காத்திருப்பீங்க."

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போனதோ, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சனிக்கிழமை கதவும் கொக்கியும் மாட்டியாகிவிட்டது. ஞாயிறு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கி, வோக்கரைப் பிடித்து மெதுவாக நேரே பின்பக்கம்தான் போனார். உள்ளே கொக்கி விழும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

பத்து நிமிடம் போனது. கால் மணி நேரமும் போனது. கதவைத் தட்டினேன்.

"அம்மா! என்னம்மா ஆச்சு?"

"ஒன்னுமில்ல புள்ள. சும்மாதான் ஒக்காந்திருக்கேன்." பிறகு அவரே கேட்டார். "வெளிய யாரும் வரிசையில நிக்கல தானே?"

"யாருமே இல்லம்மா. நல்லா ஒக்காருங்க" என்றேன்.