மழை வந்தால் அறையை விட்டு ஓடுகிறவர்: கல்வராயன் மலையில் ஒரு சனிக்கிழமை

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அருவியில் தண்ணீர் நிறைந்து விழும்போது பார்க்க வேண்டும் என்று ஆசை. கோடையில் போய் வந்த தோழிகள் எல்லாரும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வந்தோம் என்றார்கள். முந்தின நாளே கனமழை எச்சரிக்கை வந்துவிட்டது. வீட்டில் வேண்டாம் என்று சொன்னார்கள். எனக்கும் உள்ளூர உதறல்தான். இருந்தாலும் அலுவலகத்தில் விடுப்பு சொல்லியாயிற்று, பையும் கட்டியாயிற்று என்று கிளம்பிவிட்டேன். நீங்கள் இப்படிக் கிளம்பாதீர்கள். ஏன் என்பதைக் கடைசிவரை படித்தால் புரியும்.

காலை ஐந்தரைக்குக் கடலூரில் ஏறி, உளுந்தூர்பேட்டையில் மாறி, எலவனாசூர்கோட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர ஒன்பது மணி ஆனது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். அங்கிருந்து கச்சிராயபாளையத்துக்கு நகரப் பேருந்து. பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பெண்களுக்குச் சீட்டு இலவசம். வடக்கனந்தல் தாண்டும்போதே மலை தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற மேகம்தான் இருந்தது.

கச்சிராயபாளையத்தில் இறங்கி விசாரித்தால், மேலே போன பேருந்து இன்னும் திரும்பவில்லை, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. வாடகை ஜீப் ஒன்றுதான் நின்றது. ஓட்டுநர் முருகேசன், ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே இரண்டு பேர் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இருவரும் நாட்டு நலப்பணி மாணவர்கள் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். அது நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“ஏழுமலைன்னு ஒருத்தர்ண்ணா. நரைச்ச தாடி, பச்சை லுங்கி. காலையில மலைக்குப் போற வண்டியில ஏறினாரா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ஏறுனாரும்மா. கோணிப் பை ஒண்ண மடில வெச்சினு பஸ்ஸுல ஒக்காந்துனு இருந்தாரு. இன்னா, எதுனா திருடிட்டாரா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. அவர் எங்க ஆளு.”

‘எங்க ஆளு’ என்று அவள் சொன்ன விதத்தில் அழுகை கலந்திருந்தது. நான் போய் என்னவென்று கேட்டேன்.

அவள் பெயர் தமிழரசி, மூன்றாம் ஆண்டு. பையன் சாதிக், இரண்டாம் ஆண்டு. இவர்களுடைய கல்லூரியின் நலப்பணிக் குழு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடப்பவர்களுக்குத் தங்க இடம் தேடித் தரும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இடம் பிடித்துத் தருவதோடு விடுவதில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஆதார் அட்டைக்கு அலைய வேண்டும், வீட்டுக்காரர்களோடு பேச வேண்டும். ஏழுமலை இவர்கள் இருவரின் பொறுப்பு. பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரோரம் வருடக்கணக்காகக் கிடந்தவர். வடக்கனந்தலில் ராணி என்ற அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்து, ஆடியில் குடிவைத்தார்கள்.

“நல்லாத்தான் இருந்தாருக்கா. மழைக்காலம் ஆரம்பிச்சதும் ரெண்டு தடவை காணாமப் போயிட்டார். மழை விட்டதும் தானா வந்துடுவார். ஏன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டார். இன்னைக்கு மூணாவது தடவை. மலைப் பக்கம் போனதா ஊர்ல சொன்னாங்க. இனிமே அறையைக் குடுக்க முடியாதுன்னு ராணியம்மா சொல்லிட்டாங்க” என்றாள்.

“மேலே இந்த மழையில...” என்று சாதிக் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

ஜீப்புக்குப் போக வர ஆயிரத்து ஐந்நூறு கேட்டார் முருகேசன். மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். அருவிக்கும் அதே வழிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு தனியாக அருவி பார்க்கப் போக மனம் வரவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியும் கடந்தால் ஏற்றம் தொடங்குகிறது. நல்ல நாளில் அழகான சாலையாக இருக்கும். அன்று பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முருகேசன் ஹாரனை அடித்துவிட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் திருப்பினார். மேலிருந்து செம்மண் தண்ணீர் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில், தேங்காய் அளவுக் கற்கள் மூன்று எங்கள் முன்னால் உருண்டு வந்து நின்றன. அவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன் கம்பியில் இடித்தது.

“இதுக்கு அப்பால பெருசு வரும்னு சொல்றதுக்கு இல்ல. வராதுன்னும் சொல்றதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை நகர்த்தினார். இறங்கி நடந்தே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சாலையில் இறங்கி நிற்பதும் பயமாகத்தான் இருந்தது. இடதுபக்கம் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மூடுபனியில் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே நல்லது.

அருவிக்குப் போகிற வழியில் சங்கிலி கட்டி அடைத்திருந்தார்கள். அதற்குச் சற்று மேலே சாலையோரம் ஒரு டீக்கடை. முருகேசன் அங்கே நிறுத்தி விசாரித்தார். கடைக்கார அம்மா கையை நீட்டிக் கீழே காட்டினார்.

“பாறைக்குத்தான் போனாரு. மரவள்ளி புடுங்க கீழ இருந்து ஆளுங்க வருவாங்க இல்ல, அவங்க மழைக்கு ஒதுங்குற பாறை. ஓடைக்கு அந்தாண்ட. வேணாம்யா, தண்ணி வந்துகினு இருக்குதுன்னு சொன்னேன். காதுலயே வாங்கிக்கல.”

ஒற்றையடிப் பாதை. அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் வழுக்கி வழுக்கி இறங்க வெகுநேரம் ஆனது. ஓடையைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடும் சத்தம் போல இல்லை. அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம்.

ஓடை காப்பி நிறத்தில், பத்துப் பன்னிரண்டடி அகலத்தில் போய்க்கொண்டிருந்தது. தாண்டுவதற்குப் போட்டிருந்த கற்களில் இரண்டின் தலை மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம், குடை போல முன்னால் நீண்டிருந்த பெரிய பாறை. அதன் அடியில் கோணிப் பையை அணைத்தபடி ஏழுமலை குந்தியிருந்தார். அவர் காலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலடி மணல்தான் பாக்கி.

“ஏழுமலை ஐயா! வாங்க, போயிடலாம்!” என்று தமிழரசி கத்தினாள்.

அவர் கையை ஆட்டினார். “நீ போம்மா. மழ வுட்டதும் நானே வந்துடுவேன்.”

“தண்ணி ஏறுதுங்க! அறைக்குப் போயிடலாம் வாங்க!”

“வூட்டுக்குள்ள வரமாட்டேன்!”

அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. வெள்ளத்துக்குப் பயப்படாத மனுஷன் அறை என்ற சொல்லுக்கு நடுங்கினார்.

“ஏங்க? ஏன் வரமாட்டீங்க?”

அவர் எங்களைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். “இதே மாதிரி மழதான். ராத்திரி பகலா ஊத்துச்சு. மண் சொவுரு ஊறிப்போயி எம் பொண்டாட்டி மேல வுழுந்துடுச்சு. நான் பக்கத்துலதான் படுத்துனு இருந்தேன். சொவுரு வுழும்மா. எந்தச் சொவுரும் வுழும். பாறை வுழாது.”

அறை கட்டியது செங்கல்லில், தளம் காங்கிரீட், எதுவும் ஆகாது என்று சாதிக் சொல்ல வாயெடுத்தான். தமிழரசி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் குரல் நிதானமாக வந்தது.

“சரிங்க. உள்ள படுக்க வேணாம். சுவரே வேணாம். அறைக்கு வெளியில நாலு கம்பம் நட்டு, மேல தகரம் மட்டும் போட்டுத் தர்றோம். நாலு பக்கமும் திறந்திருக்கும். அங்க படுத்துக்குவீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சொவுரு இல்லாமலா?”

“சுவர் இல்லாம.”

“வூட்டுக்கார அம்மா ஒத்துக்குமா?”

“நான் பேசுறேங்க. கால்ல விழுந்தாவது கேக்கறேன். முதல்ல எழுந்திருங்க, தண்ணி உங்க கிட்ட வந்துடுச்சு!”

உண்மையிலேயே வந்துவிட்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கற்களின் தலைகள் மறைந்துவிட்டன. சாதிக் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடையில் கால் வைத்தான். “எறங்காத!” என்று அவனைப் பின்னால் இழுத்தவர் முருகேசன். எங்களுக்குப் பின்னாலேயே, ஜீப்பில் மூட்டை கட்டும் நைலான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்திருந்தார். ஒரு முனையை மரத்தில் கட்டினார். மறுமுனையில் கல்லைக் கட்டி வீசினார். முதல் வீச்சு தண்ணீரில் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது பாறையில் பட்டு விழுந்தது.

“இடுப்புல கட்டுங்கண்ணே! ரெண்டு முடிச்சு போடுங்க! கைல ஒண்ணும் வேணாம்!” என்று முருகேசன் கத்தினார்.

ஏழுமலை கட்டினார். கோணிப் பையை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார். நாங்கள் நாலு பேரும் கயிற்றைப் பிடித்தோம். இரண்டு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் ஆளைக் காணோம். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தமிழரசி ஏதோ அலறினாள். எனக்கு அந்த நிமிஷம் கயிற்றை விட்டுவிடத்தான் தோன்றியது, இல்லாவிட்டால் நானும் போய்விடுவேன் என்று பயம். விடாமல் இருந்தது துணிச்சல் இல்லை. விரல்கள் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

தலை வெளியே தெரிந்தது. இழுத்தோம். கரைச் சேற்றில் குப்புற விழுந்து, இருமி இருமித் தண்ணீரைக் கக்கினார். முழங்கால் கிழிந்து ரத்தம். நாங்கள் பாதி மேடு ஏறித் திரும்பிப் பார்த்தபோது பாறைக்கு அடியில் மணல் இல்லை. பையும் இல்லை.

இறங்கும் வழியில் ஜீப்பின் தார்ப்பாயில் காற்று அடிக்கும்போதெல்லாம் ஏழுமலை மேலே பார்த்தார். தமிழரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மதியம் வடக்கனந்தல் வந்தபோது அங்கே வெறும் தூறல்தான்.

ராணியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “இந்தாளுக்கு எதுனா ஆச்சுன்னா ஊரே என்னத்தான கேக்கும்? எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சினே இருக்குதுங்க. வேற எடம் பாத்துக்கோங்க” என்றார். அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழரசி, சுவர் விழுந்த கதையைச் சொன்னாள். ராணியம்மா கேட்டுவிட்டு உள்ளே போய், ஏழுமலைக்கு உலர்ந்த வேட்டி ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

“மாட்டுக் கொட்டாயிக்கு வாங்குன தகரம் நாலு கெடக்குது. எடுத்துக்கோங்க. கம்பம் மட்டும் ஆழமா நடுங்க” என்றார்.

சாயங்காலத்துக்குள் சவுக்குக் கம்பம் நாலு நட்டு, மேலே தகரம் போட்டுவிட்டார்கள். முருகேசனும் கூட நின்றார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. நான் கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலை ஊருக்குத் திரும்பினேன். அருவியைப் பார்க்கவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: மழை நின்று ஒரு வாரம் கழித்துப் போங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் மலைப் பேருந்தை நம்பாதீர்கள். மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊர் வரை கள்ளக்குறிச்சியிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், கச்சிராயபாளையத்துக்கு மேல் கைப்பேசி பல இடங்களில் எடுக்காது. முழங்கால் அளவு என்று தோன்றினாலும் ஓடையில் இறங்காதீர்கள். நாங்கள் செய்ததைச் செய்து பார்க்க வேண்டாம். கயிறு அறுந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன்.

வீடில்லாதவருக்கு வீடு கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த வீட்டுக்குள் ஒருவருக்கு என்ன பயம் காத்திருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குமே ஓடைக்கரையில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அவர்கள் அந்தப் பயத்தோடு வாதாடவில்லை. அதற்கும் சேர்த்து ஓர் இடம் கட்டினார்கள்.

தமிழரசி அவ்வப்போது பேசுவாள். அடுத்த மழைக்கு ஏழுமலை எங்கும் ஓடவில்லையாம். தகரத்தின் கீழே விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாராம். அதற்கடுத்த மழைக்குப் புதுக் கோணிப் பையை அறைக்குள் வைத்துவிட்டு, தான் மட்டும் வெளியே படுத்தாராம்.

போன வாரம் காற்றோடு அடித்த மழையில் சாரல் தாங்கவில்லை. ராணியம்மா பயந்துபோய் விடியற்காலையில் எட்டிப் பார்த்திருக்கிறார். தகரத்தின் கீழே ஆள் இல்லை. பதறிப்போய் அறைப் பக்கம் திரும்பினால் கதவு திறந்திருந்தது. ஏழுமலை உள்ளே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் மட்டும் வாசலுக்கு வெளியே, மழையில் நனைந்துகொண்டிருந்தன.