நாலு விளக்கும் பதினொரு தோட்டமும்

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாப்பா இடது காதுத் தோட்டைக் கழற்றி, மேசைமேல் இருந்த தைல டப்பாவுக்குள் போட்டாள். ஹெட்போன் மாட்டுகிற வேலை போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் தோட்டைக் கழற்றாமல் அவளுக்குக் கை ஓடாது. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் இதே ரப்பர் கம்பெனி அலுவலகத்தின் சுவிட்ச் போர்டில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த காது அது, சொன்னால் கேட்காது.

அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது. எழுபதுகளில் கம்பெனிக்குப் பேராக் மாநிலம் முழுவதும் பதினொரு தோட்டங்கள். தோட்டத்துக்குக் கணக்கெழுத ஒரு கிராணி, கிராணிக்கு ஒரே ஒரு டெலிபோன். பாப்பா அவர்களில் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. குரலை வைத்தே யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவாள். அவர்களும் முகம் பார்த்திராத பாப்பாவுக்குக் கம்பெனி லாரியில் பலாப்பழம் வந்து இறங்கும். சிலிபினில் அவள் வீட்டைச் சுற்றியிருந்த பிள்ளைகள் பாதிப் பேர் அந்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவர்கள்.

எண்பத்து மூன்றில் கம்ப்யூட்டர் வந்தது. குளிர்சாதன அறை ஒன்று அதற்கு. கூடவே இருக்கப் பாப்பா. தோட்டங்களிலும் கிராணிக்கு ஒரு சிறிய இயந்திரம் வைத்தார்கள். அன்றைய ரப்பர்ப் பாலின் நிறை, பால் வெட்டிய மரம், வேலைக்கு வந்த ஆள் எல்லாவற்றையும் கிராணி அதில் தட்டவேண்டும். பிறகு ஈப்போவுக்கு டெலிபோன் சுழற்றி, எதிர்முனையில் விசில் கேட்டதும், இரண்டு ரப்பர்க் குழிகள் உள்ள பெட்டியின்மேல் போனைக் கவிழ்த்து வைத்தால் கணக்கெல்லாம் சத்தமாக மாறி வந்து சேரும். ஈப்போவில் அதற்கென்று நாலு லைன், லைனுக்கு ஒரு பச்சை விளக்கு. கணக்கு வாங்கும் கதவு நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடிவிடும். வாயால் சொல்லும் கணக்கு செல்லாது.

நாலு லைன், பதினொரு தோட்டம். கோளாறு எங்கே வரும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் சுழற்றினார்கள். கிடைக்காதவர்கள் விரல் தேய மறுபடி மறுபடி சுழற்றினார்கள். கிடைத்தவர்களோ தோட்டத்தையே ஒரே மூச்சில் கொட்டினார்கள். கம்ப்யூட்டர் திணறிப் பாதியைத் தவறவிடும். முதலிலிருந்து அனுப்பு என்று கேட்கும். அவர்களும் முதலிலிருந்து அனுப்புவார்கள். நாலு விளக்கும் மாலை முழுக்க எரியும், முழுசாக வந்த கணக்கோ மூன்றைத் தாண்டாது. இன்னும் இரண்டு லைன் கேட்டு டெலிபோன் இலாகாவுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தது கம்பெனி.

மற்றவர்கள் மாறி மாறி விடுபட்டார்கள்; ஒரு நாள் தப்பாமல் விடுபட்டது ஒரே தோட்டம். தாப்பாவுக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்தது அது. கிராணி பழனியப்பன். மேடு பள்ளத்தில் பால் வந்து சேரவே நேரமாகும். ஐந்து மணிக்குத்தான் அவர் போனைத் தொடுவார். மேனேஜர் இராமசாமி இரண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி வீடும் போகும். மனைவியும் நான்கு பிள்ளைகளும் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

பாப்பா ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டு, லைன் கிடைக்காவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

“போனை வச்சிருவேன் தங்கச்சி. அங்க ஆள் வேலையா இருக்காங்க, நாம போய்த் தொந்தரவு பண்ணக்கூடாதில்ல. ஒரு அரை மணி நேரம் கழிச்சு எடுப்பேன். அப்பவும் அப்படித்தான் இருக்கும்.”

பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முண்டியடிக்கிறவனுக்குப் பந்தி, மரியாதை தெரிந்தவனுக்குப் பட்டினி. அந்த மனிதர் சோம்பேறி இல்லை, விட்டுக்கொடுத்தே கெட்டவர்.

அன்று மத்தியானம் அவள் பதினொரு தோட்டத்துக்கும் போன் போட்டாள். கம்ப்யூட்டர்க்காரர்கள் விட்டுப்போன தடித்த புத்தகத்தைத் தொடவில்லை. அவளுக்கு அம்மா சொன்ன கதை போதும். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். அம்மாவின் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நிறுவை நெருக்கடியானால் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மேட்டிலிருந்து அதைப் பார்க்கிறவர்கள் தோளில் காண்டாத் தடியும் அதில் தொங்கும் வாளியுமாக நிழலிலேயே நின்றுவிடுவார்கள். இறங்கி வந்து வெயிலில் வரிசை கட்டினால் வாளியிலேயே பால் உறைந்து வீணாகிவிடும்.

“இங்கயும் அதே கதைதாண்ணே,” என்றாள் ஒவ்வொருவரிடமும், துணிக் கதையைச் சொல்லிவிட்டு. “தோட்டம் மொத்தத்தையும் கொட்டாதீங்க. ஒரு டிவிசன் அனுப்புங்க, வந்துச்சுன்னு நான் பதில் அடிப்பேன். பதில்ல ஒரு நட்சத்திரம் இருந்தா செகப்புத் துணின்னு நெனச்சுக்குங்க. பாதியாக் கொறைச்சு, பெலான் பெலானா, மெதுவா வாங்க. நட்சத்திரம் இல்லியா, நாளைக்கு ஒரு டிவிசன் கூட்டிக்கலாம். லைன் கெடைக்கலேன்னா அஞ்சு நிமிசம் பொறுங்க. அப்பவும் கெடைக்கலேன்னா பத்து, அப்புறம் இருவதுன்னு ரெட்டிப்பாக்கிட்டே போங்க.”

நாலு விளக்கும் எரியும்வரை அவள் காத்திருப்பதில்லை. மூன்றாவது எரிந்ததுமே நட்சத்திரம் போட்டுவிடுவாள். நிரம்பிய பிறகு கொடி காட்டி யாருக்கு லாபம் என்பாள். வெளியிலும் அவள் அப்படித்தான். சிலிபின் பஸ்ஸில் படியில் ஆள் தொங்கினால் ஏறமாட்டாள். முகம்மது கௌஸ் கடையில் நாலு மேசையில் மூன்று நிறைந்திருந்தாலே கடை முன்னாலிருக்கும் ஐந்தடிப் பாதையில் நின்றுகொள்வாள். “உள்ள வாங்கக்கா, எடம் இருக்கு” என்று கௌஸ் கூப்பிட்டால், “இருக்கும்போதே நின்னாத்தான் நிக்கிறதுலா” என்று பதில் வரும். கௌஸுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. தேத்தண்ணீரை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இரண்டே வாரத்தில் பத்துத் தோட்டம் வழிக்கு வந்தது. பிடிகொடுக்காதவர் பெரிய தோட்டத்துக் கிராணி அப்பாவு ஒருவர்தான். நல்ல மனிதர், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். ஆனால் நட்சத்திரத்தை அவர் மதிக்கவில்லை. “எங்க தோட்டத்துல ஸ்டோரே ரெண்டு இருந்துச்சு பாப்பா. நாங்க எந்தத் துணியும் பாத்ததில்ல” என்றார். மற்றவர்கள் ஒதுங்கி விட்ட இடத்தையெல்லாம் அவர் ஒருவரே எடுத்துக்கொண்டார். பாப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருத்தர் பிடிவாதத்துக்குப் பத்துப் பேர் பொறுமை தீனியா?

எண்பத்தைந்து ஜூன் முப்பது அன்று இந்தக் கோபம் முற்றியது. அந்த மாதத்தில் ஒரு நாள் கணக்கு விடுபட்டாலும் மூன்றாவது கடிதம் போகும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இருபத்தொன்பது நாளும் பழனியப்பன் தப்பித்துவிட்டார். மாதக் கடைசி என்பதால் அன்று கணக்கு இரட்டிப்பு. ஐந்தே காலுக்கு மேனேஜர் வாசலில் வந்து நின்றார்; கையில் டைப் அடித்த கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. அவரும் கெட்டவர் இல்லை. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர்.

பாப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பழனியப்பன் சொன்ன சொல் தவறாதவர். ஐந்து மணிக்கு ஒரு முறை சுழற்றியிருப்பார், ஐந்து ஐந்துக்கு ஒரு முறை, ஐந்தே காலுக்கு ஒரு முறை. அடுத்தது ஐந்து முப்பத்தைந்து. அதையும் விட்டால் நாற்பது நிமிடம் பொறுப்பார். அதற்குள் கதவு மூடிவிடும். நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. மூன்றில் நட்சத்திரத்துக்குப் பிள்ளைகள்போல் அடங்கிய கிராணிகள். நாலாவதில் அப்பாவு, மூன்று நட்சத்திரம் வாங்கியும் மொத்தத் தோட்டத்தையும் கொட்டிக்கொண்டிருந்தார்.

அவர் லைனைப் பிடுங்கலாம். ஆனால் பிடுங்கின மறுகணம் மறுபடி சுழற்றுவார். அந்த விரல் வேகம் பேராக்கில் எவருக்கும் கிடையாது.

ஐந்து முப்பத்து நாலுக்குப் பாப்பா அலுவலக டெலிபோனை இழுத்து அப்பாவுவின் எண்ணைச் சுழற்றினாள். கடைசி இலக்கத்தில் மட்டும் டயலைத் திரும்ப விடாமல் வலது விரலால் பிடித்துக்கொண்டு, இடது கையை இயந்திரத்தின் பின்னால் விட்டு நாலாவது ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. விசில் நின்றதும் அவர் போனைக் கீழே வைப்பார், அதற்கு ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த மூச்சுக்குப் பொறுத்து, ஒயரைத் திரும்பச் சொருகி, விரலை விட்டாள். மணி ஒருமுறைகூட முழுசாக அடிக்கவில்லை, அப்பாவு எடுத்துவிட்டார்.

“அண்ணே, பாப்பா பேசுறேன். ஒங்க லைனை நாந்தான் புடுங்கினேன். அத அப்புறம் பேசலாம், ஏசுறதுன்னா ஏசுங்க. மொதல்ல இதைச் சொல்லுங்க. இந்த வருசம் தீமிதிக்கு எத்தனை பேர் காப்புக் கட்டியிருக்காங்க?”

தீமிதி என்று கேட்டுவிட்டால் அப்பாவு இந்த உலகத்தில் இருக்கமாட்டார். கணக்கு எங்கே போனது என்பதையே மறந்து, காப்புக் கட்டியவர்களைப் பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் தோட்டத்தின் ஒரே டெலிபோன் அவர் காதிலேயே இருந்தது.

நாலாவது விளக்கு எரிந்தது.

பிரிண்டர் தலை ஓடத் தொடங்கியது. தாளின் மேல் வரியில் தாப்பாத் தோட்டத்தின் பெயர் விழுந்தது. கீழே முதல் டிவிசன் மட்டும், சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சமே கொஞ்சமாக. மேனேஜர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார். பாப்பா வலது கையால் பதில் தட்டினாள், அடுத்த டிவிசன் வந்தது, அதன் பின்னால் அதற்கடுத்தது. கடைசி டிவிசனும் விழுந்து பிரிண்டர் ஓய்ந்தபோது மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

போனில் அப்பாவு இருபத்து மூன்றாவது பெயரில் இருந்தார். “ம்... அப்புறம்ணே” என்றபடி பாப்பா, மேனேஜரைத் திரும்பிப் பார்க்காமலே, வலது கையை அவர் பக்கம் நீட்டி உள்ளங்கையை விரித்தாள், அந்தக் கடிதத்தைக் கேட்டு.