ஐந்தாகிப்போன நாலு

பெற்றிசியா அடிமட்டம் வைக்காமல் வெறுங்கையால் போட்ட ஒரு கோட்டைப் பார்த்து உப்புக்குளம் ஊரில் ஒருவர் மதில் கட்டினார் என்றும், அந்த மதில் இன்னும் சாயவில்லை என்றும் சொல்வார்கள். மதிலை நான் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் சாய்வுதான். கோட்டில் பிழை இல்லை, கொத்தனில்தான் பிழை.

போர் முடிந்து ஆறாம் வருடம் பெற்றிசியா எங்கள் தீவிலே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஆண்கள் வாட்டில் தாதி. எந்த லொறிக்கும் அசையாத கழுதைகள் அவருடைய சைக்கிள் மணிக்கு எழுந்து வழிவிடும். கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "வந்த மாப்பிள்ளையள் ஒருத்தருக்கும் ஒழுங்காக் கையெழுத்துப் போடத் தெரியேல்லை" என்பார்.

வாட்டில் அவர் தானாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு ஒன்று இருந்தது. விழுங்க முடியாத நோயாளிக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுப்பார்கள். குழாயின் நுனி வயிற்றில் இருக்கிறதா, நழுவிச் சுவாசப்பைக்குள் போய்விட்டதா என்று ஒவ்வொரு வேளையும் பார்த்தாக வேண்டும். சிறிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, நிறம் மாறும் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விடுவார்கள். அந்த நிறத்துக்குரிய எண் ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் வயிற்றுப் புளிப்பு, ஊட்டலாம். மேலே போனால் ஊட்டக் கூடாது.

அந்தப் பட்டையே பொய் சொன்னால்? அதைச் சோதிக்கத்தான் அலுமாரியில், எண் முன்பே தெரிந்த மருந்துநீர் விட்ட இரண்டு சின்னப் போத்தல்கள். காலையில் ஒன்று நாலு காட்ட வேண்டும், மற்றது ஏழு. நாலு என்பது நாலரையைத் தாண்டினால் அன்றைக்கு அந்தப் பட்டையை நம்பக் கூடாது. நாலுக்குச் சிவப்புப் புள்ளி, ஏழுக்கு நீலப் புள்ளி என்று சுவரில் மாத அட்டவணை ஒன்றைப் பெற்றிசியா தொங்கவிட்டிருந்தார்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. நாலு காட்ட வேண்டிய போத்தல் ஐந்து காட்டியது.

கடற்காற்றின் ஈரம் பட்டைக்குள் போய்விட்டது என்று நினைத்தார். புது டப்பா உடைத்தார். ஐந்து. மூன்றாவது டப்பா. அதுவும் ஐந்து. ஆனால் ஏழு காட்ட வேண்டிய போத்தல் மூன்று டப்பாவிலும் ஏழு. ஈரம் பிடித்த பட்டை ஒரு போத்தலில் மட்டும் பொய் சொல்லுமா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜன்னலடியில் வைத்துப் பார்த்தார். ஜன்னலடியிலும் ஐந்துதான்.

ஒன்பதாம் கட்டிலில் முசலி ஊரில் வயல் செய்யும் கமக்காரர் முஹைதீன், பாரிசவாதத்தால் பேச்சும் விழுங்கலும் நின்றுபோனவர், வெறும் வயிற்றோடு கிடந்தார். புளிப்பைக் குறைக்கும் வயிற்றுப் புண் மருந்து எடுப்பவர் என்பதால் அவருடைய எண் எப்போதும் எல்லையில்தான் நிற்கும். அன்றைக்கும் ஐந்து. மெய்யான ஐந்தா, அல்லது நாலை ஐந்தென்ற பட்டை ஆறையும் ஐந்தென்று சொல்கிறதா?

குழாய் எங்கே என்று எக்ஸ்றேயில் பார்க்கலாம், ஆனால் அதை எடுப்பவர் திங்கட்கிழமைவரை லீவு. டொக்டர் போனில் சொன்னார்: "பட்டை சரியெண்டு தெரியாமல் ஒரு சொட்டும் குடுக்காதேங்கோ. பன்ரெண்டு மணிக்குள்ளை தெரியேல்லையெண்டால் வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துவம்."

அந்த மனிதரை அம்புலன்சில் அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போவதா? 

முஹைதீனின் மனைவி நசீறா கதிரையை இழுத்து வந்து வழிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். "மகள், நோன்புக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இவருக்கு மட்டும் ஏன் முந்தியே தொடங்கினனீங்கள்?"

"உம்மா, பட்டையிலை ஒரு குழப்பம்."

"பட்டைக்கோ பசிக்குது?"

முஹைதீன் சுகமான கையால் கட்டில் கம்பியை இரண்டு தரம் தட்டினார். மனைவி பக்கம்தான் அவரும்.

பெற்றிசியா அட்டவணைக்கு முன் போய் நின்றார். நீலப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. சிவப்பு, இரண்டு வாரம் நாலில் நின்றது. ஒரு சனிக்கிழமை நாலரைக்கு ஏறி இரண்டு வாரம் அங்கே இருந்தது. இன்றைக்கு, இன்னொரு சனிக்கிழமை, ஐந்து. நாலரை எல்லைக்குள் என்பதால் அவரே தினமும் சரி போட்டிருந்தார். சனிக்கிழமை என்றால் வெள்ளிக்குப் பிறகு. வெள்ளிக்கிழமையில்தான் அலுமாரி துடைப்பார்கள்.

போய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மாதமாகத் தினமும் எடுத்த போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"அன்ரோனெற் அக்கா, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

வாட்டுச் சிற்றூழியர் அன்ரோனெற் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு வந்தார். மாதா கோயிலில் மணி அடித்தவரின் மகள்.

"இதுக்குள்ளை ஆர் ஊத்தினது?"

"நான்தான் மிஸ். குறைஞ்சு போச்சு. நீங்கள் மருந்து கேட்டுக் கந்தோருக்குக் கடிதம் எழுதி அலையக் கூடாதெண்டு பைப் தண்ணி விட்டனான். ரெண்டுக்கும், ரெண்டு தரம்."

"தண்ணி விட்டால் மருந்து கெட்டுப்போகாதோ?"

"தீர்த்தம் குறைஞ்சால் அப்பா அப்பிடித்தான் விடுவார். இருக்கிறதிலும் பாக்க விடுற தண்ணி குறைவெண்டால் முழுதும் தீர்த்தம்தான். நான் ஒருநாளும் பாதிக்கு மேலை விடேல்லை மிஸ்." அவருடைய குரலில் குற்றம் இல்லை, ஒழுங்காகச் செய்த பெருமைதான் இருந்தது.

பெற்றிசியா பைப் தண்ணீரில் ஒரு பட்டையை நனைத்தார். ஏழு. அதனால்தான் ஏழு போத்தல் வாயே திறக்கவில்லை. அலுமாரியின் அடித்தட்டில் உடைக்காத போத்தல் சோடி ஒன்று இருந்தது. பட்டையைச் சந்தேகித்தாரே தவிர, போத்தலைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவேயில்லை. உடைத்தார். நாலு. ஏழு. முதல் டப்பாவிலும் அதேதான்.

முஹைதீனிடம் புதிதாக உறிஞ்சிய சொட்டு ஐந்து. மெய்யான ஐந்து. பதினொன்று நாற்பதுக்கு வடித்த கஞ்சி குழாயில் இறங்கியது. அவர் கம்பியை ஒரு தரம் தட்டினார்.

அட்டவணையின் குறிப்புக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அன்ரோனெற் நிரந்தரமில்லாதவர், பெயர் விழுந்தால் வேலை போகும். பெற்றிசியா பேனையை மூடினார், திறந்தார், பிறகு எழுதினார்: "நாலு காட்டும் போத்தலில் தண்ணீர் சேர்ந்திருந்தது. அது இரண்டு வாரமாக நாலரையில் நின்றதை நான் கவனிக்கவில்லை. இனிப் போத்தல்கள் பூட்டில் இருக்கும்." கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

பழைய போத்தலைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கப் போனபோது அன்ரோனெற் கையைப் பிடித்தார். "மிஸ், கொஞ்சம் பொறுங்கோ. அப்ப ரெண்டு தரம் விட்ட இதிலை இப்ப எது கூட, தண்ணியோ மருந்தோ?"

பெற்றிசியா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். அன்றைக்கு அவரால் சொல்ல முடியவில்லை.