சின்னத்துக்கு விழுந்த புள்ளடி

சந்தையில் அக்காவின் மீன் பலகைக்குப் பக்கத்தில்தான் காக்காவின் கடை. அந்த முஸ்லிம் வியாபாரியை ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும். வாழைச்சேனையிலிருந்து ஐஸ் கொண்டுவரும் ஒரே ஆள் அவர். அத்தான் தவறிப்போன பிறகு அக்கா வாவி இறாலை அவருடைய ஐஸில் போட்டு விற்றுத்தான் பிழைத்தாள்.

பிரதேச சபைத் தேர்தல் வந்தது. எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்த ஒருவன் ஒரு சிறு கட்சியில் நின்றான்; அக்கா அவனுக்குப் பெரியம்மா முறை. அந்தக் கட்சி ஆள் பிடித்ததே குடி பார்த்துத்தான். “சந்தை நம்மட ஆக்களுக்கு மட்டுந்தான்” என்று மேடைக்கு மேடை கத்தினான். அவனுக்கு வாக்குப் போடாதே என்று நான் அக்காவிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

“அது சும்மா மைக்கில கதைக்கிறதுகா. நம்மட குடிப் புள்ளய நாம விட்டா ஆரு பாக்கிற?” என்றாள்.

அவன் வென்றான். ஆனாலும் அவனுடைய கட்சிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசனங்கள்தான். அப்பாடா என்றிருந்தேன். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் பெரும்பான்மை இல்லை, இரண்டும் ஜென்ம விரோதிகள். மற்றவன் வந்துவிடக் கூடாதே என்று அதில் ஒரு கட்சி, சபைத் தலைமையான தவிசாளர் கதிரையை இவனுக்கே தூக்கிக் கொடுத்தது. கதிரையில் இருந்தால் அடங்கிவிடுவான் என்றார்கள் படித்தவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியாருக்குச் சந்தையில் இடமில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தான். யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். சபையில் பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். கத்தல் இல்லை, அடிதடி இல்லை. கூட்டு முறியக் கூடாதென்று பெரிய கட்சிக்காரர்களும் கை உயர்த்தினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. யாரிடம் போய் முறையிடுவது?

கடைசி நாள் காக்கா சாமான்களைக் கட்டினார். மிச்ச ஐஸை அக்காவின் பெட்டியில் கொட்டினார்.

“இண்டைக்குத் தாங்கும் தங்கச்சி.”

அக்கா உடைந்துபோனாள். “நான் கட்சிக்குப் போடல்ல காக்கா. நம்மட புள்ளைக்குத்தான் போட்டன்.”

வாக்குச்சீட்டில் அவனுடைய பெயரே இருக்கவில்லை. புள்ளடி போட்டு வாக்களிக்கக் கட்சியும் சின்னமும் மட்டும்தான். அது காக்காவுக்கும் தெரியும். அவர் பெட்டியின் மூடியை இறுக்கி மூடிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மறுநாள் அக்கா சந்தைக்குப் போகவில்லை. பின்னேரம் தவிசாளர் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

“பெரியம்மாட்ட நல்ல இறால் இரிக்கான்னு கேட்டு வரச் சொன்னாரு.”

அக்கா பெட்டியைத் திறந்து காட்டினாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.