மிச்சம் பிடித்த முழங்கால்

சைகோனில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் எல்லாரும் பூசுகிற "யாவ் சன்" என்ற பச்சைத் தைலத்தின் நெடிதான் எங்கள் வீட்டின் வாசனை. மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைத்து, சோற்றுப் பருக்கையில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். மூட்டுவாதம் பிடித்த அம்மாவின் முழங்கால்களுக்கு அதைக் காலையும் மாலையும் தேய்ப்பது பத்து வயதில் என் வேலை.

பட்டணம் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியதும், காரைக்கால்காரரான அப்பா குமாஸ்தாவாக இருந்த பிரெஞ்சுக் கடையை மூடிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால் பாரிசுக்குப் போக எங்களுக்கு வழி இருந்தது, ஆனால் பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து வயதுத் தம்பியாவது முதலில் போகட்டும் என்று அவனைச் சித்தப்பா குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். அவனிடம் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. நாங்களோ நாலாவது மாடியில், ஐம்பத்தெட்டுப் படிகளுக்கு மேலே, அடைபட்டுக் கிடந்தோம்.

அரிசி, மண்ணெண்ணெய், துணி என்று எல்லாமே அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கிடைத்த காலம் அது. மூட்டும் அப்படி அளந்து கொடுத்த சரக்கு என்றே அப்பா நினைத்துவிட்டார். "நடந்தா தேஞ்சுபோயிடும் மேரி. இப்ப மிச்சம் பிடி. கூப்புடுற அன்னிக்கி அம்பத்தெட்டு படி எறங்கணும்ல?" என்பார் அம்மாவிடம். அவர் அன்பில் குறை சொல்ல முடியாது: தண்ணீர் சுமந்தார், சமைத்தார், அம்மாவை நாற்காலியை விட்டு எழவிடாமல் பார்த்துக்கொண்டார். ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியில் அம்மா ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். தைலம் தேய்க்கும்போது அவள் தொடை மாதாமாதம் என் கைக்குள் சிறுத்துக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது, ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் பயண அனுமதி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், மூவரும் நேரில் வரவேண்டும் என்றார்கள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்று தெருமுனையில் சிக்லோ என்கிற மிதிரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் தாமாகவே வந்து நின்றார்கள். நோயாளி என்று தெரிந்தால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்பதாவது படியில் அம்மாவின் முழங்கால் மடங்கவும் மறுத்தது, நீளவும் மறுத்தது. அங்கேயே உட்கார்ந்து, "எம் புள்ளயப் பாக்கணுமே, ஏசுவே" என்று அவள் அழுத அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றைய முறை போயேபோய்விட்டது.

அழுகை கேட்டு மூன்றாவது மாடியிலிருந்து ஏறிவந்தவள் கோ லான், நம் வழக்கில் லான் அத்தை. முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவை அவள் மொழியிலேயே வெளுத்து வாங்கினாள். மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு நீர் இருக்கிறது, கால் அசைந்தால்தான் அது பரவும். முழங்காலின் பாரத்தைத் தாங்குவது தொடைச் சதை, அதைப் பட்டினி போட்டுவிட்டு மூட்டைக் காப்பாற்றினேன் என்கிறீரே! வீங்கிச் சிவந்த நாளில் ஓய்வு, மற்ற நாளெல்லாம் அசைவு என்று சட்டம் போட்டாள். காலையில் வெந்நீர் ஒத்தடம். உட்கார்ந்தபடியே காலை நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்துவது. எலும்புக்கு ஜன்னல் வெயிலும், முள்ளோடு கடித்துத் தின்கிற பொடிக் கருவாடும். அதற்கப்புறம்தான் படி: முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு. வலித்தபோது அம்மா லானையும் அப்பாவையும் சேர்த்தே திட்டினாள்.

அடுத்த அழைப்பு வர இரண்டு வருஷம் ஆனது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் வைத்து, ஐம்பத்தெட்டுப் படிகளையும் அம்மா தானே இறங்கினாள். அலுவலகத்தில் எங்கள் பெயர்களைப் படித்து முத்திரை குத்திய ஆள் அவள் கால் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்கு அடுத்து ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். அவருக்கும் முத்திரை விழுந்தது. அதை அப்பா பார்த்தார், அம்மாவும் பார்த்தாள்.

பாரிசில் தம்பி எங்களைக் கண்டதும் சித்தியின் பின்னால் போய் நின்றுகொண்டான். பிரெஞ்சு மட்டுமே பேசிய வீட்டில் வளர்ந்தவனுக்கு அம்மாவின் தமிழ் புரியவில்லை. வீணாய்ப்போன அந்த இரண்டு வருஷத்தை அவள் அப்பாவிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, எழுதிவிட்டேன்.

இப்போது மகனின் வேலை என்னை அதே சைகோனுக்கு இழுத்துவந்து, பூ மி ஹங் என்ற புதுக் குடியிருப்புப் பகுதியில் பதினான்காவது மாடியில் வைத்திருக்கிறது. எங்கள் பழைய கட்டடம் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. லானைத் தெரிந்தவர் என்று அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. என் முழங்காலும் முனக ஆரம்பித்திருப்பதால், காய்கறி முதல் மாத்திரைவரை மகன் வாசலுக்கே வரவழைத்துவிடுகிறான். "நீங்க நடக்காதீங்க மம்மா, காலை மிச்சம் பிடிங்க" என்றான் போன வாரம். பார்த்திராத தாத்தாவின் சொல், அவருடைய அதே பயந்த முகம். திட்ட மனம் வரவில்லை. "கூட வா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டைத் தாண்டிப் போய், படிக்கட்டுக் கதவைத் திறந்தேன்.